கடலடி டர்பைன்களைச் சோதிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? தண்ணீரின் கொந்தளிப்பு செய்யும் வேலை

ஸ்காட்லாந்தின் வடகோடியில், பெருநிலத்துக்கும் ஸ்ட்ரோமா என்ற சின்னத் தீவுக்கும் நடுவே, கடலடியில் 4 டர்பைன்கள் நிற்கின்றன. 'மேஜென்' என்பது திட்டத்தின் பெயர். ஒவ்வொரு டர்பைனின் திறனும் 1.5 மெகாவாட். இவற்றில் ஒன்று ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக, 'திடீர் பழுது' என்று ஒருமுறைகூட மேலே தூக்கப்படாமல் ஓடியிருக்கிறது என்ற செய்தி 2025-ல் வந்தபோது அந்தத் துறையே கொண்டாடியது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால், "இதுல என்ன இருக்கு, நம்ம காத்தாடி இருபது வருஷமா சுத்துதே" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் கடலடியில் கதையே வேறு. அங்கே வைத்த முதல் தலைமுறை இயந்திரங்களில் சில, சில வாரங்களிலேயே இறக்கை உடைந்து நின்றவை. இத்தனைக்கும் அவை ஒன்றும் சோதிக்கப்படாமல் இறக்கப்பட்டவை அல்ல. ஆய்வகத் தொட்டியில் ஓட்டிப் பார்த்து, கணினியில் கணக்குப் போட்டு, பொறியாளர்கள் கையெழுத்திட்ட பிறகு போனவை.

அப்படியென்றால் சோதனை எதைத் தவறவிடுகிறது? பதிலின் பெரும்பகுதி ஒரே சொல்லில் இருக்கிறது: கொந்தளிப்பு.

அலை வேறு, ஓதம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்ச் செய்திகளில் 'அலை மின்சாரம்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் எழுதப்படுகின்றன. காற்றடித்து மேற்பரப்பில் எழுவது அலை. நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் மொத்தமாக ஏறி இறங்குவது ஓதம். ஓதத்தில் மின்சாரம் எடுக்கவும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கழிமுகத்தை அணை கட்டி மறித்து, தேங்கிய நீரைத் திறந்துவிடுவது. பிரான்ஸின் ரான்ஸ் அணை 1966 முதல் இப்படித்தான் இயங்குகிறது. திறன் 240 மெகாவாட். தென்கொரியாவின் சிஹ்வா ஏரித் திட்டம் 254 மெகாவாட். இரண்டாவது வழியில் அணையே கிடையாது. தீவுகளுக்கு நடுவே குறுகிய கால்வாய்களில் ஓத நீர் வேகமாகப் பாயும் இடமாகப் பார்த்து, காற்றாலை மாதிரியே ஒரு டர்பைனைத் தண்ணீருக்குள் நிறுத்துவது. இங்கே பேசப்படுவது இந்த இரண்டாவது வழி.

இதன் பெரிய கவர்ச்சி, நேரம் தெரிந்துவிடுவது. காற்று நாளைக்கு அடிக்குமா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஓதம் அப்படி இல்லை. பஞ்சாங்கத்தில் அமாவாசை பார்ப்பதுபோல, 2040-ல் ஒரு குறிப்பிட்ட நாளில் எத்தனை மணிக்கு நீர் எந்தப் பக்கம் பாயும், தோராயமாக எவ்வளவு வேகத்தில் பாயும் என்று இன்றைக்கே சொல்லலாம். மின்வாரியம் நடத்துபவர்களுக்கு இது பெரிய வரம்.

இன்னொரு அனுகூலம், தண்ணீரின் கனம். கடல் நீர் காற்றைவிட ஏறத்தாழ 830 மடங்கு அடர்த்தி. அதனால் நொடிக்கு 3 மீட்டர் வேகமே போதும், சின்ன இறக்கையில் பெரிய மின்சாரம் கிடைத்துவிடும். ஆனால் அதே கனம்தான் இறக்கையை முறிக்கவும் செய்கிறது.

எதுதான் கொந்தளிப்பு?

பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஆற்று நீர் சுழன்று சுழன்று போவதைப் பார்த்திருப்பீர்கள். காவிரியில் நீச்சல் பழகியவர்களுக்குச் 'சுழி' என்றால் சொல்லவே வேண்டாம். மேலே நின்று பார்த்தால் ஆறு ஒரே சீராகத்தான் போகும். இறங்கினால்தான் தெரியும், ஒரு கணம் முன்னே தள்ளும், அடுத்த கணம் பக்கவாட்டில் இழுக்கும். பள்ளி இயற்பியலில் 'வரிச்சீர் ஓட்டம்', 'சுழற்சி ஓட்டம்' என்று படித்த இரண்டில் இது இரண்டாவது வகை. 1883-ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்து, எப்போது சீரான ஓட்டம் கலைந்து சுழலாகிறது என்று காட்டினார். ஓத நீர் பாயும் கால்வாய்களின் அளவுக்கும் வேகத்துக்கும் அங்கே சீரான ஓட்டம் என்பதே சாத்தியமில்லை. அடியில் பாறை, ஓரத்தில் தீவு முனை, மேலே அலை என்று எல்லாமே நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும்.

மேஜென் இருக்கும் பென்ட்லண்ட் நீரிணையில் 'ஸ்வெல்கி' என்று ஒரு பெரிய சுழி உண்டு. கடலடியில் ஒரு திருகை உப்பை அரைத்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் அந்தச் சுழி, அதனால்தான் கடல் உப்புக் கரிக்கிறது என்பது அந்தப் பகுதியின் வைகிங் காலத்துக் கதை. இன்றைக்கு அதே கடலடியில் நிஜமாகவே சுழலும் இயந்திரங்கள் இருப்பது தற்செயல்தான்.

கொந்தளிப்பை அளக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எண் எளிமையானது. வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அந்தச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்குவார்கள். இதற்குக் 'கொந்தளிப்புச் செறிவு' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்கிறது, அதில் ஏற்ற இறக்கம் 0.2 மீட்டர் என்றால் செறிவு 10%. ஓத மின்சாரத்துக்கென்று ஆராயப்பட்ட இடங்களில் அளந்த எண்கள் பெரும்பாலும் இந்த 10 சதவீதத்தைச் சுற்றியே வருகின்றன. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்டில் சுமார் 10%. ஸ்காட்லாந்தின் ஐலே நீரிணையில் கடலடிக்கு அருகே 12 முதல் 13%.

பத்து சதவீதம்தானே என்று தோன்றலாம். இங்கதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மதிப்பெண் எப்படி மாறிப்போகிறது?

ஓடும் நீரில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகத்தை அளப்பதில் வெறும் 5% பிசகினால், ஆற்றல் கணக்கில் 16% பிசகும். ஒரு டர்பைனைச் சோதிப்பது என்றால் அடிப்படையில் இதுதான் வேலை: தண்ணீரில் இவ்வளவு ஆற்றல் வந்தது, அதில் இவ்வளவை இயந்திரம் பிடித்தது என்று வகுத்து ஒரு மதிப்பெண் போடுவது. மேலே உள்ள எண் துல்லியமாகக் கிடைத்துவிடும், ஏனென்றால் அது கேபிளில் வரும் மின்சாரம். மீட்டர் வைத்துப் படித்தால் போதும். கீழே உள்ள எண்தான் தகராறு.

ஏன்? சராசரி வேகத்தின் மும்மடி வேறு, மும்மடிகளின் சராசரி வேறு. வேகம் ஒருபோது 1 மீட்டர், ஒருபோது 3 மீட்டர் என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 2. அதன் மும்மடி 8. ஆனால் உண்மையில் வந்த ஆற்றல் 1-க்கும் 27-க்கும் நடுவே, அதாவது 14. கிட்டத்தட்ட இருமடங்கு! நிஜக் கடலில் ஏற்ற இறக்கம் இவ்வளவு மோசம் இல்லை. ஆனால் கணக்கு அதேதான்: செறிவு 10% என்றால் சராசரி வேகம் காட்டுவதைவிடச் சுமார் 3% கூடுதல் ஆற்றல் தண்ணீரில் இருக்கும், 20% என்றால் 12% கூடுதல்.

ஆக, வெறும் சராசரி வேகத்தை வைத்துச் சோதனை நடத்தினால், கலங்கி ஓடும் இடத்தில் வைத்த சுமாரான டர்பைன்கூட அமைதியான இடத்தில் வைத்த நல்ல டர்பைனை முந்திவிட முடியும். இயந்திரத்தின் சாமர்த்தியம் இல்லை, இடத்தின் தயவு. இதைத் தவிர்க்கத்தான், 2013-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி. வெளியிட்ட 62600-200 என்ற விதிமுறை, ஒவ்வொரு அளவீட்டையும் தனித்தனியே மும்மடியாக்கி, பிறகே சராசரி எடுக்கச் சொல்கிறது. டர்பைன் இறக்கை சுற்றும் வட்டம் முழுவதற்கும், வெவ்வேறு ஆழங்களில் வேகத்தை எடுத்து அப்படிச் செய்ய வேண்டும்.

விதி சரிதான். ஆனால் டர்பைன் இந்தக் கூடுதல் 3 சதவீதத்தையும் 12 சதவீதத்தையும் பிடித்துவிடுமா என்றால், அதுவும் உறுதியில்லை. ஒரு சுழல் வந்து வேகம் திடீரென ஏறும்போது பல டன் எடையுள்ள சுழலும் பகுதி உடனே வேகமெடுக்காது. கட்டுப்பாட்டுக் கருவி சுதாரிப்பதற்குள் சுழல் கடந்து போயிருக்கும். அந்தச் சில நொடிகளில் இறக்கை தனக்கு ஏற்ற கோணத்தில் நீரைச் சந்திக்காது. அதனால் ஆற்றல் அதிகம் இருந்தும் பிடித்தது குறைவு என்ற நிலை வரலாம். கொந்தளிப்பு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்பது இதுதான். இரண்டில் எது பெரிது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம், சுழலின் அளவுக்கு அளவு மாறும். வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறிய அளவு டர்பைனை ஏரியின் அசையாத நீரில் செலுத்தியும், ஸ்ட்ராங்ஃபோர்டு கழிமுகத்தின் நிஜ ஓட்டத்தில் கட்டிப்போட்டும் சோதித்தது இந்தக் கேள்விக்காகத்தான்.

சுழலை அளக்கும் கருவியே சுழலைத் தவறவிட்டால்?

கடலில் வேகத்தை அளப்பது எப்படி? பெரும்பாலும் ஒலியால். கடலடியில் ஒரு கருவியை வைத்து மேல்நோக்கி ஒலிக்கற்றைகளை அனுப்புவார்கள். நீரில் மிதக்கும் துகள்களில் பட்டு ஒலி திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறியிருக்கும். ரயில் நம்மைக் கடக்கும்போது ஹார்ன் சத்தம் சட்டென்று மாறுகிறதே, அதே டாப்ளர் விளைவு. அதிலிருந்து ஒவ்வொரு உயரத்திலும் நீரின் வேகத்தைக் கணக்கிடுவார்கள்.

சராசரி வேகத்துக்கு இது அருமையான கருவி. கொந்தளிப்புக்கு அவ்வளவு நல்லதல்ல. காரணம், கற்றைகள் குடைக்கம்பிபோல விரிந்து போகின்றன. செங்குத்திலிருந்து 25 டிகிரி சாய்ந்த கற்றைகள் என்றால், கருவிக்கு 20 மீட்டர் உயரத்தில் எதிரெதிர்க் கற்றைகளுக்கு நடுவே சுமார் 19 மீட்டர் இடைவெளி வந்துவிடும். அந்த இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நீர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டுதான் கருவி வேகத்தைச் சொல்கிறது. நடுவில் 5 மீட்டர் அகலச் சுழல் ஒன்று போனால்? கருவி அதைப் பார்க்காமலே போகலாம், அல்லது வேறு எதுவாகவோ நினைத்துக்கொள்ளலாம்.

போதாக்குறைக்கு, கருவிக்கே உரிய இரைச்சல் வேறு. ஒவ்வொரு ஒலித்துடிப்பிலும் ஒரு சின்னப் பிழை இருக்கும். சராசரி எடுத்தால் அது அழிந்துவிடும். ஆனால் கொந்தளிப்பு என்பதே ஏற்ற இறக்கத்தின் அளவு. அதில் இந்தப் பிழையும் சேர்ந்துகொள்ளும். உண்மையான ஏற்ற இறக்கம் நொடிக்கு 0.2 மீட்டர், கருவியின் இரைச்சலும் 0.2 மீட்டர் என்றால், 2 மீட்டர் வேக நீரில் 10% செறிவு 14% என்று காட்டும். இல்லாத கொந்தளிப்பு கணக்கில் ஏறும். அதை வைத்து மும்மடி போட்டால் தண்ணீரில் இல்லாத ஆற்றலும் ஏறும். பிறகு பாவம், டர்பைனுக்கு மதிப்பெண் குறையும். எனவே இரைச்சலைக் கழிக்கத் தனியே ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது.

ஆர்க்னி தீவுகளில் உள்ள ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையத்தில் இந்தப் பிரச்சினையை நேரடியாகப் பிடித்த ஒரு முயற்சி நடந்தது. 2003-ல் தொடங்கிய இந்த மையம், ஈடே தீவுக்கு மேற்கே 'ஃபால் ஆஃப் வார்னஸ்' என்ற இடத்தில் டர்பைன்களைச் சோதிக்க இடமும் கேபிளும் கொடுக்கிறது. அங்கே நீரின் வேகம் நொடிக்கு 4 மீட்டரை எட்டும். 'ரீடாப்ட்' என்ற திட்டத்தில் அல்ஸ்டாம் நிறுவனத்தின் 1 மெகாவாட் டர்பைனை அங்கே நிறுத்தி, சுற்றிலும் மட்டும் அல்லாமல் டர்பைன் உடம்பிலேயே அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தினார்கள். கற்றைகளை விரிப்பதற்குப் பதிலாக வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே புள்ளியில் குவியவைக்கும் கருவியையும் முயன்றார்கள். சுழல் இறக்கையைத் தொடுவதற்கு முன்பே அதன் வேகம் தெரிந்தால்தானே, அது என்ன செய்தது என்று சொல்ல முடியும்!

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. ஓதம் இரண்டு பக்கமும் பாயும். ஏறும்போது திறந்த கடலிலிருந்து வரும் நீர், இறங்கும்போது ஒரு தீவின் முனையைச் சுற்றி வரலாம். அதே இடம், அதே இயந்திரம், அதே வேகம். ஆனால் காலையில் ஒரு மதிப்பெண், மாலையில் ஒரு மதிப்பெண். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத் தந்தால் வாங்குபவருக்கு எதுவும் புரியாது.

தொட்டியில் ஒன்று, கடலில் ஒன்று

கடலில் ஒரு டர்பைனை இறக்கவே பெரிய கப்பல், நல்ல வானிலை, நீர் திரும்பும் முன் கிடைக்கும் சொற்ப நேரம் எல்லாம் ஒன்றுகூட வேண்டும். செலவும் கடுமை. அதனால் சின்ன மாதிரி செய்து தொட்டியில் சோதிப்பதுதான் முதல் படி.

தொட்டியிலும் இரண்டு வகை. ஒன்றில் தண்ணீர் அசையாது; மேலே தண்டவாளத்தில் ஓடும் வண்டி மாதிரியை இழுத்துச் செல்லும். கப்பல் மாதிரிகளைச் சோதிக்க உருவான முறை இது. கொந்தளிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அளவீடு அழகாக, சுத்தமாக வரும். கடலில் ஒருநாளும் கிடைக்காத சுத்தம். இரண்டாவது வகையில் மாதிரி நிற்கும், தண்ணீர் ஓடும். பிரான்ஸில் பூலோன் நகரில் இஃப்ரமேர் நிறுவனத்தின் தொட்டி இந்த வகை. 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். அங்கே ஒரு வசதி உண்டு. நீர் வரும் வாயில் தேன்கூடு போன்ற வடிகட்டியை வைத்தால் கொந்தளிப்பு 3% அளவுக்குக் குறையும், எடுத்துவிட்டால் 15%. ஒரே மாதிரியை இரண்டு நீரிலும் வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோது, சராசரி மின்திறனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இறக்கைகளில் விழும் விசையின் ஏற்ற இறக்கம் பல மடங்கு கூடியது. அதாவது, சராசரியை மட்டும் பார்ப்பவர் 'எல்லாம் சரி' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் 'ஃப்ளோவேவ்' இன்னும் வித்தியாசமானது. 25 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி, 2014-ல் திறக்கப்பட்டது. சுற்றிலும் 168 அலை உண்டாக்கும் கருவிகள், அடியில் 28 நீரோட்ட உந்திகள். எந்தத் திசையிலிருந்தும் அலை, எந்தத் திசையிலிருந்தும் ஓட்டம். நிஜக் கடலில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வருவதை இங்கே ஓரளவு வரவழைக்க முடியும்.

ஓரளவுதான். ஏனென்றால் செறிவு என்ற ஒற்றை எண்ணைப் பொருத்துவது எளிது. சுழல்களின் அளவைப் பொருத்துவது கஷ்டம். ஒரே 10 கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு சாலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஜல்லி பெயர்ந்து முழுக்கச் சொரசொரப்பு. இன்னொன்று வழுவழுப்புதான், ஆனால் நடுநடுவே நாலு பெரும்பள்ளம். 'மொத்தக் குலுக்கல்' என்று ஒரு எண் போட்டால் இரண்டும் ஒன்றாகவே வரலாம். அச்சு முறிவது இரண்டாவதில்தான். டர்பைனுக்கும் அப்படியே. இறக்கையின் அகலத்தைவிடச் சின்னச் சுழல்கள் வெறும் நடுக்கம். டர்பைனின் விட்டத்துக்கு ஒப்பான பெரிய சுழல், ஒரு இறக்கையை மட்டும் பிடித்து அமுக்கி, அடுத்த இறக்கையை விட்டுவிடும். தொட்டியில் கம்பி வலை வைத்து உண்டாக்கும் கொந்தளிப்பு பெரும்பாலும் முதல் வகை. கடல் தருவதில் இரண்டாவதும் உண்டு.

சின்ன மாதிரிக்கு இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. அளவு சிறுத்தால் இறக்கையை ஒட்டி ஓடும் நீரின் குணமும் மாறும். மிக அமைதியான நீரில் அது இறக்கையிலிருந்து முன்கூட்டியே பிரிந்து, திறனைக் குறைத்துவிடும். அப்போது கொஞ்சம் கொந்தளிப்பு இருந்தால் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஆக, மாதிரியில் கொந்தளிப்பால் திறன் கூடியது என்று ஒரு முடிவு வந்தால், முழு அளவு இயந்திரத்திலும் கூடும் என்று நம்பிவிட முடியாது.

உடைந்த இறக்கைகள்

நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர், பெயரில்தான் ஆறு. உண்மையில் அது ஓதநீர் பாயும் கால்வாய். அங்கே வெர்டன்ட் பவர் நிறுவனம் 2006 இறுதியில் டர்பைன்களை இறக்கத் தொடங்கியது. நீரின் வேகத்தில் முதலில் இறக்கைகள் உடைந்தன. வலுவான இறக்கை மாட்டினார்கள். இப்போது இறக்கையை நடுத்தண்டோடு இணைத்த போல்ட்டுகள் தாங்கவில்லை. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 2009 நவம்பரில் ஓப்பன்ஹைட்ரோ நிறுவனத்தின் 10 மீட்டர் டர்பைன் இறக்கப்பட்டது. ஓராண்டு கழித்து 2010 டிசம்பரில் தூக்கிப் பார்த்தபோது இறக்கைகள் எதுவும் மிச்சமில்லை. வடிவமைக்கும்போது எதிர்பார்த்ததைவிட நீரோட்டம் மிக வலுவாக இருந்தது என்பதே முடிவு.

இவற்றுக்குக் கொந்தளிப்பு மட்டுமே காரணம் என்று எழுதிவிட முடியாது. அந்த இடங்களில் சராசரி வேகமே கணக்கை மீறியது. ஆனால் வேகமும் கொந்தளிப்பும் தனித்தனியாக வருவதில்லை. வேகமான நீரில் அதே 10% செறிவு இன்னும் பெரிய அடியாக விழும்.

எவ்வளவு பெரிய அடி? 20 மீட்டர் விட்டமுள்ள டர்பைன்மேல் நொடிக்கு 3 மீட்டர் வேக நீர் மோதினால், தள்ளும் விசை சுமார் 118 டன் எடைக்குச் சமம். அந்த வேகம் 10% ஏறினால் விசை 21% ஏறும். கூடுதலாகச் சுமார் 25 டன். ஐந்தாறு யானைகள் ஒன்றாக ஏறி இறங்குவதுபோல, சில நொடிகளுக்கு ஒருமுறை. இதோடு, கடலடிக்கு அருகே நீர் மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இறக்கையும் ஒருமுறை அழுத்தப்பட்டு ஒருமுறை தளரும். நிமிடத்துக்கு 10 சுற்று, நாளில் 60% நேரம் ஓட்டம் என்று வைத்தாலே 20 ஆண்டில் ஆறு கோடிக்கும் மேல். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் அல்லவா, அந்தக் களைப்புதான் இறக்கைக்கு எமன். ஒரே ஒரு பெரிய அடியைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை இதைக் கண்டுபிடிக்காது.

அதற்கென்றே எடின்பரோ பல்கலைக்கழகம் ரோசைத் துறைமுகத்தில் 'ஃபாஸ்ட்பிளேட்' என்ற மையத்தை 2022-ல் திறந்தது. முழு அளவு இறக்கையை ஒரு முனையில் இறுகப் பிணைத்து, ஹைட்ராலிக் தண்டுகளால் வளைத்து வளைத்து விடுகிறார்கள். பல ஆண்டுக் களைப்பைச் சில மாதங்களில் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் எந்த வரிசையில், எவ்வளவு விசையில் வளைப்பது? அந்தப் பட்டியல் கடலில் அளந்த கொந்தளிப்பிலிருந்துதான் வர வேண்டும். அங்கே அளவு தப்பினால் இங்கே சோதனையும் தப்பும்.

எதிரி மட்டும்தானா?

இல்லை. டர்பைன்களை வரிசையாக நிறுத்தும்போது கொந்தளிப்பு நண்பனாகிறது. முன்வரிசை டர்பைன் நீரின் வேகத்தை எடுத்துக்கொள்வதால், பின்னால் வேகம் குறைந்த ஒரு 'நிழல்' விழும். அமைதியான நீரில் இந்த நிழல் நெடுந்தூரம் நீளும். கலங்கிய நீரில் சுற்றிலும் உள்ள வேகமான நீர் உள்ளே கலந்து நிழலைச் சீக்கிரம் அழித்துவிடும். இஃப்ரமேர் தொட்டிச் சோதனையில் 3% கொந்தளிப்பில் டர்பைன் விட்டத்தைப்போல் பத்து மடங்கு தூரம் போயும் நிழல் தெரிந்தது. 15 சதவீதத்தில் அதற்கு வெகுமுன்பே வேகம் கிட்டத்தட்டத் திரும்பியிருந்தது. அசையாத நீரில் மட்டும் சோதித்தவர், பின்வரிசையைத் தேவையில்லாமல் தள்ளி வைப்பார். குறுகிய கால்வாயில் அது பல டர்பைன்களுக்கான இடம்.

இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?

தமிழகக் கடலோரத்துக்கு நேரடியாக அதிகம் இல்லை. நீரோட்டத்தை 'நீவாடு' என்று பெயர் சொல்லி அடையாளம் காணும் மீனவர்கள் இங்கே உண்டு. ஆனால் சென்னைப் பக்கம் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். இந்தியாவில் பேசப்படும் இடங்கள் காம்பே வளைகுடா, கட்ச் வளைகுடா, சுந்தரவனம். நெடுங்காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு முறையே 7,000, 1,200, 100 மெகாவாட். சென்னை ஐ.ஐ.டி.யும் கிரிசில் நிறுவனமும் 2014-ல் தந்த அறிக்கை நாட்டின் மொத்த வாய்ப்பைச் சுமார் 12,455 மெகாவாட் என்றது. சுந்தரவனத்தின் துர்காதுவானியில் திட்டமிட்ட 3.75 மெகாவாட் திட்டம் செலவு கட்டுப்படியாகாமல் கைவிடப்பட்டது.

இந்த எண்கள் எல்லாம் கடல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை வைத்து வந்தவை. அணை கட்ட அது போதும். டர்பைன் நிறுத்துவதென்றால் கேள்வி வேறு: அந்த இடத்தில், அந்த ஆழத்தில், சுழல் எவ்வளவு பெரிது, எத்தனை நொடிக்கு ஒருமுறை? சேறு கலங்கிய காம்பே நீரில் இந்த அளவீட்டை எடுப்பது ஆர்க்னியைவிட லேசு ஒன்றும் இல்லை.

வங்கி கேட்கும் கேள்வி

2022-ல் பிரிட்டன் நடத்திய ஏலத்தில் ஓத நீரோட்டத் திட்டங்கள் நான்குக்கு, மொத்தம் சுமார் 41 மெகாவாட்டுக்கு, மெகாவாட்-மணிக்கு 178.54 பவுண்டு விலை உறுதியானது. அதே ஏலத்தில் கடல் காற்றாலைக்கு 37.35 பவுண்டு. ஏறத்தாழ ஐந்து மடங்கு வித்தியாசம். இரண்டுமே 2012-ம் ஆண்டு விலைமதிப்பில். இதில் இரும்புக்கும் கப்பலுக்கும் ஆகும் செலவு ஒரு பங்கு. நிச்சயமின்மைக்கு ஆகும் செலவு இன்னொரு பங்கு. இறக்கை எவ்வளவு அடி தாங்க வேண்டும் என்று சரியாகத் தெரியாத பொறியாளர் அதைத் தேவைக்கு மேல் கனமாக்குவார். எவ்வளவு யூனிட் வரும் என்று உறுதியாகத் தெரியாத வங்கி வட்டியைக் கூட்டும். காப்பீட்டு நிறுவனமும் அப்படியே. அதனால்தான், சோதனைச் சான்றிதழில் ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் என்று நடக்கும் வாதம் ஆராய்ச்சிக் கட்டுரையோடு நிற்காமல் மின்கட்டணம்வரை வந்து சேர்கிறது.

மேஜென் திட்டம் அந்த ஏலத்திலும் அடுத்தடுத்த இரண்டு ஏலங்களிலும் சேர்த்துச் சுமார் 59 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் பெற்றிருக்கிறது. இப்போது இருக்கும் 4 டர்பைன்கள் 6 மெகாவாட் மட்டுமே. இனி வரப்போகிறவை அதே நீரிணையில் கூட்டமாக நிற்க வேண்டியவை. அப்போது பின்வரிசை டர்பைனுக்கு வரும் நீரில் பாறையும் தீவும் அலையும் கிளப்பிய சுழல்களோடு, முன்வரிசை டர்பைன் கிளப்பிய சுழல்களும் சேர்ந்திருக்கும்.